மதிப்பெண் தாளில் இல்லாத மாடு

பொங்கல் கழிந்த மறுவாரம், புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் நடந்த பேச்சுப் போட்டிக்கு நடுவராகச் சென்றிருந்தோம். தலைப்பு, 'ஜல்லிக்கட்டு: வீர விளையாட்டா, விலங்கு வதையா?' எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையில் பன்னிரண்டு பிள்ளைகள். யார் எந்தக் கட்சி என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்திருந்தார்கள். ஆறு பேருக்கு வீரம், ஆறு பேருக்கு வதை. ஆளுக்கு ஐந்து நிமிடம். நான்காம் நிமிடத்தில் ஒரு மணி, ஐந்தாம் நிமிடத்தில் இரண்டு மணி. "விலங்கு நல விழிப்புணர்வும் ஆயிற்று, நம் பண்பாட்டையும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு பக்கத்துக்கும் சமமாக வாய்ப்புக் கொடுத்திருக்கிறோம் ஐயா" என்றார் பொறுப்பாசிரியர். நாமும் தலையாட்டினோம்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு வதைக் கட்சி விழுந்திருந்தது. மூன்று நிமிடம் மனப்பாடம் செய்ததை மடமடவென்று ஒப்பித்தாள். பிறகு வரி மறந்துவிட்டது. கையைப் பிசைந்தாள். மேடையின் ஓரத்தைப் பார்த்தாள். பின்பு, மேடைத் தமிழை விட்டுவிட்டு, வீட்டில் பேசுவது போலச் சொன்னாள்: "எங்க வீட்டுல ஒரு காளை இருக்கு. வாடியில அவுத்துவிட்டுட்டு வீட்டுக்குக் கொண்டாந்தா ரெண்டு நாளைக்கி யாரையும் கிட்ட விடாது. அம்மா மட்டுந்தான் போயி நிக்கும். தண்ணிகூட அம்மா வச்சாத்தான் குடிக்கும். பயந்து போயி இருக்குன்னு அம்மா சொல்லும். அதெல்லாம் இல்ல, ரோசமா இருக்குன்னு அப்பா சொல்லும். எது சரின்னு எனக்குத் தெரியல." இரண்டு மணி அடித்தது. அரங்கில் சிரிப்பு. அவள் இறங்கிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

நம் கையிலிருந்த மதிப்பெண் தாளில் ஐந்து கட்டங்கள்: உச்சரிப்பு, கருத்து, மேற்கோள், உடல்மொழி, நேரம். அவளுக்குக் 'கருத்து' என்ற கட்டத்தில் பத்துக்கு நான்கு போட்டோம். தன் கட்சியை உறுதியாக நிலைநாட்டவில்லை என்பது நாம் கண்ட குறை. முதற்பரிசு, சிந்துவெளி முத்திரையில் தொடங்கி முல்லைக்கலிக்குத் தாவி மெரினாவில் போய் முடித்த ஒரு பையனுக்கு. நல்ல குரல். மூன்று நடுவர்களும் ஒருமனதாகக் கொடுத்தோம். பேருந்தில் திரும்பி வரும்போதுதான் நாம் செய்த காரியம் உறைத்தது. அன்று பேசிய பன்னிரண்டு பேரில் ஒரு மாட்டைப் பற்றிப் பேசியவள் அவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் நான்கு மதிப்பெண்.

இந்தக் கட்டுரை அதற்கான கழுவாய் என்று எவரேனும் சொன்னால் மறுக்கமாட்டோம். எனினும் சொந்தக் குற்றவுணர்வைப் பொதுவில் கொட்டுவது நம் நோக்கமன்று. பள்ளிகளில் விலங்கு நலம் என்ற பெயரிலும், அதைவிட மேலாகச் 'சமநிலை' என்ற பெயரிலும் நடந்துவருவது என்னவென்று பார்க்க வேண்டியிருக்கிறது.

சமநிலை என்பதற்கு நம் கல்விக்கூடங்கள் கண்டிருக்கும் பொருள் பட்டிமன்றத்திலிருந்து வந்தது. இந்தப் பக்கம் மூவர், அந்தப் பக்கம் மூவர், நடுவில் ஒருவர் உட்கார்ந்து இரண்டு பக்கமும் சிரிக்கவைத்துவிட்டுக் கடைசியில் 'இரண்டும் வேண்டும்' என்று தீர்ப்புச் சொல்வார். தீபாவளிக் காலையில் தொலைக்காட்சியில் பார்ப்பதற்கு இது குற்றமில்லாத பொழுதுபோக்கு. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு உலகைப் பார்க்கக் கற்றுத்தரும் முறையாக இதையே வைத்துக்கொள்வது வேறு விஷயம். சீட்டில் 'வீரம்' என்று விழுந்தால் வீரத்துக்கு வாதாடு, 'வதை' என்று விழுந்தால் வதைக்கு வாதாடு என்று பழக்குகிறோம். அதில் பிள்ளை கற்றுக்கொள்வது, எந்தப் பக்கத்துக்கும் சொல் கிடைக்கும் என்பதுதான். தன் வீட்டுத் தொழுவத்தில் தான் கண்டது எந்தப் பக்கத்திலும் சேராது என்பதையும் அவள் அன்று சேர்த்துக் கற்றுக்கொண்டிருப்பாள்.

இத்தனைக்கும் எந்த மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்கிறோம்? தமிழகத்தில் வாடிவாசல்கள் மிகுந்த மாவட்டம் என்று பெருமை பேசப்படும் ஊர் இது. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு கந்தர்வகோட்டைப் பக்கத்துத் தச்சங்குறிச்சியில்தான் வழக்கமாகத் தொடங்குகிறது. 2019 ஜனவரி 20 அன்று விராலிமலையில் ஒரே நாளில் 1,300க்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்துவிட்டு உலக சாதனை என்று அறிவித்தார்கள். அன்று இருவர் மாடு முட்டி இறந்தார்கள். மறுநாள் நம் வகுப்பில் சாதனையைப் பற்றிப் பேசாத மாணவன் இல்லை. இறந்தவர்களைப் பற்றி நாம் கேட்டபோது, "வேடிக்கை பார்க்க வந்தவங்க ஐயா" என்றான் ஒருவன். ஏதோ அது வேறு கணக்கு என்பது போல.

சட்டத்தின் கதையையேனும் பிள்ளைகளுக்கு முழுதாகச் சொல்கிறோமா என்றால் அதுவும் இல்லை. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் நாகராஜா வழக்கில் ஜல்லிக்கட்டைத் தடைசெய்தது. வீரக் கட்சிக்கு அது தமிழர் மீது தொடுக்கப்பட்ட சதி. வதைக் கட்சிக்கு அது வேதவாக்கு. தீர்ப்பில் என்ன இருக்கிறது என்று இரு சாராரும் பிள்ளையிடம் சொல்வதில்லை. வாலை முறுக்கியதும் கடித்ததும் கூரிய பொருளால் குத்தியதும் ஆவணங்களாக முன்வைக்கப்பட்டிருந்தன. 2017 ஜனவரியில் மெரினாவிலும் தமுக்கத்திலும் இளைஞர் கூடினர், அம்மாதம் 23ஆம் நாள் சட்டமன்றம் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. இது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அதன்பின் வந்த விதிகளில், கால்நடை மருத்துவர் காளையைச் சோதித்த பிறகே களத்தில் விடவேண்டும், திமிலை மட்டுமே அணைக்கவேண்டும், வாலையோ கொம்பையோ பிடிக்கக்கூடாது என்றெல்லாம் இருப்பது எத்தனை பிள்ளைக்குத் தெரியும்? 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அத்திருத்தம் செல்லும் என்றது. புதிய சட்டமும் விதிகளும் விலங்கின் துன்பத்தைப் பெருமளவு குறைக்கின்றன என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது. அப்படியானால் 2014இல் சுட்டப்பட்ட துன்பம் பொய்யன்று என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது. வீரக் கட்சி தன் வெற்றியைக் கொண்டாடும்போது இந்த இடத்தை மெல்லத் தாண்டிவிடுகிறது.

வதைக் கட்சியின் யோக்கியதையும் இதற்குக் குறைந்ததன்று. அவர்கள் பள்ளிகளுக்கு அனுப்பும் வண்ணத் துண்டறிக்கைகளைப் பார்த்திருக்கிறோம். அவற்றில் நாய்க்குட்டி இருக்கும், பூனைக்குட்டி இருக்கும், கண்ணீர் வழியும் காளை இருக்கும். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை அரைத்து வைக்கும் பெண் இருக்கமாட்டாள். அதிகாலையில் காளையைக் குளத்தில் நீந்தவிடும் பையன் இருக்கமாட்டான். கோயில் காளை இறந்தால் ஊரே கூடி மாலை போட்டு, வேட்டி போர்த்தி, மனிதருக்குச் செய்வதெல்லாம் செய்து அடக்கம் செய்கிற வழக்கம் இந்தப் பக்கத்தில் இருப்பதை அறியாதவர்கள் எழுதிய தாள்கள் அவை. வாடிவாசலுக்குப் போகாத ஆண் கன்று எங்கே போகிறது என்ற கேள்வியும் அவற்றில் இராது. உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. பாலுக்குச் சீமைக் கலப்பினம் வந்துவிட்டது. ஆண் கன்றுக்கு வீட்டில் வேலை இல்லை. தரகர் வருவார், விலை பேசுவார், அடிமாட்டு லாரியில் நெருக்கி ஏற்றிக் கேரளத்துக்கு அனுப்புவார்கள். அந்தப் பயணத்தின் வதை, வாடிவாசலில் காணும் வதையைவிடப் பெரிதா சிறிதா என்று ஒரு பிள்ளை கேட்டால் துண்டறிக்கையில் விடை கிடைக்காது. கேட்ட பிள்ளையிடம் வீரக் கட்சி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: வாடியில் எளிதாகப் பிடிபட்டுவிட்ட காளையும் பல சமயம் அதே தரகர் கைக்குத்தான் போகிறது.

விலங்கு நலம் என்பது வெள்ளைக்காரன் இறக்குமதி என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடைச் சட்டத்துக்கு வித்திட்டவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்து தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். பரதநாட்டியத்துக்காக அவர் பெயரைப் படிக்கும் நம் பிள்ளைகள் இதை அறிவதில்லை. வாரியத்தின் கடமைகளில் ஒன்றாக விலங்குகளை மனிதத்தன்மையோடு நடத்துவது குறித்துக் கல்வி புகட்டுவதை அச்சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்கிறது. அரசியலமைப்பின் 51-அ பிரிவு, உயிர்களிடத்தில் பரிவு காட்டுவதைக் குடிமக்கள் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. கல்வி வேண்டும் என்று சட்டமே சொல்லி அறுபது ஆண்டுக்கு மேலாகிறது. நடப்பதோ ஆண்டுக்கொரு சீட்டுக் குலுக்கல்.

இனி நம் வீட்டுக் குப்பையைக் கிளறுவோம். தமிழாசிரியர்களாகிய நாம் இதில் முதற் குற்றவாளிகள். முல்லைக்கலியை மேடைக்கு மேடை இழுத்து வருகிறோமே, அதை வாசிக்க வைக்கிறோமா? கோழை ஆயனைத் தழுவமாட்டாள் ஆய்மகள் என்கிற ஒரே ஒரு செய்தி. அதோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம். அந்தப் பாடல்களைத் தொடர்ந்து வாசிப்பவர் காண்பது வேறு. ஒவ்வொரு ஏற்றின் நிறத்தையும் சுழியையும் மறுவையும் அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்து, தெய்வங்களின் நிறத்தோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார் புலவர். கொம்பில் குத்துண்டு குடல் சரிந்தவர்களையும் அதே கண்ணால் பார்த்திருக்கிறார். மாட்டையும் மறைக்கவில்லை, ரத்தத்தையும் மறைக்கவில்லை. சமநிலை வேண்டும் என்கிறவர்கள் அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம். நம் வகுப்பறையில் அந்த ஏறுகளுக்கு நிறமே கிடையாது.

சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாச'லைப் பற்றி இவ்வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1959இல் நூலாக வந்த அந்தக் குறுநாவலைப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பிச்சி காரியைப் பிடித்தான், அப்பனின் பழி தீர்ந்தது என்ற இடத்தில் ஆசிரியர் நிறுத்திவிடுவார் என்பதில் நமக்கு ஐயமில்லை. அதற்குப் பிறகல்லவா ஜமீன்தார் தன் காளையைத் தானே சுடுகிறார்! பிடிபட்டு மானம் போன மாடு உயிரோடு இருப்பது யாருக்கு இழுக்கு, காளையின் பெருமை உண்மையில் யாருடைய பெருமை, அதை இன்னார்தான் தொடலாம் என்பது யார் வைத்த சட்டம் என்ற கேள்விகள் அத்தனையும் அந்தக் கடைசிப் பக்கங்களில் கிடக்கின்றன. வீரக் கட்சி, வதைக் கட்சி இரண்டுக்கும் அடங்காத நூல் அது. அதனால்தானோ என்னவோ, மேடையில் பெயர் மட்டும் சொல்கிறார்கள்.

பேகன் கதை இன்னும் வேடிக்கை. மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல் என்று ஆரம்பப் பள்ளியிலிருந்து சொல்கிறோம். விராலிமலைப் பக்கத்துப் பிள்ளைக்கு மயில் என்றால் நிலக்கடலையும் நெல்லும் விதைத்த வயலில் காலையில் வந்து இறங்கும் கூட்டம். தாத்தா கல்லெடுத்து விரட்டுவார். மலையில் ஏறினால் முருகனின் வாகனம். பாடப் புத்தகத்தில் தேசியப் பறவை. வனத்துறைப் பலகையில் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணை. ஒரே பறவை பற்றி நான்கு செய்திகள், நான்கும் மெய். இவற்றை ஒன்றாக மேசைமேல் வைத்து, 'உன் தாத்தா என்ன செய்யலாம்?' என்று கேட்கும் வகுப்பை நாம் பார்த்ததில்லை. பேகனின் போர்வையைப் பற்றி ஐந்து மதிப்பெண் வினா மட்டும் வருகிறது. (மயிலுக்கு இரங்கிய அதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்தான். அவளுக்கு இரங்கச் சொல்லிக் கபிலரும் பரணரும் பாடிய பாடல்கள் புறநானூற்றிலேயே இருக்கின்றன. சங்கப் புலவருக்கு வள்ளலிடம் குறை சொல்லும் துணிவு இருந்தது. நமக்குத் தேர்வுத் துறையைப் பற்றிய பயம்.)

முட்டைக்கு வருவோம். சத்துணவில் 1989 முதல் முட்டை உண்டு. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று, இப்போது வாரத்துக்கு ஐந்து. ஏழைப் பிள்ளையின் உடம்பில் அந்த முட்டை செய்திருக்கும் நன்மையை நேரில் கண்டவர்கள் நாம். அதைப் பறிக்கச் சொல்கிற எந்தக் கருணையையும் நாம் ஏற்கமாட்டோம். ஆயினும் அந்த முட்டை எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைக்குச் சொல்லக்கூடாதா? நாமக்கல் வட்டாரப் பண்ணைகளில் கம்பிக் கூண்டில், ஒரு ஏ4 தாளின் பரப்புக்கும் குறைவான இடத்தில், இறக்கையை விரிக்க வழியின்றி நிற்கும் கோழி இடுவது. முட்டையினக் கோழியில் சேவல் குஞ்சுக்குப் பயனில்லை என்பதால் பொரித்த அன்றே அழித்துவிடுவது உலகெங்கும் அத்தொழிலின் வழக்கம். விலங்கு நலம் என்ற துறையே ஏறக்குறைய இந்தக் கூண்டிலிருந்து பிறந்ததுதான். 1964இல் ரூத் ஹாரிசன் என்ற ஆங்கிலப் பெண்மணி பண்ணைகளின் நிலையை எழுதினார். மறு ஆண்டு பிராம்பெல் குழு அறிக்கை தந்தது. 1979இல் ஐந்து சுதந்திரங்கள் என்ற வரையறை உருவாயிற்று. பசி தாகத்திலிருந்தும், உடல் அசௌகரியத்திலிருந்தும், வலி, காயம், நோயிலிருந்தும், அச்சம் துயரத்திலிருந்தும் விடுதலை. ஐந்தாவது, தன் இயல்புப்படி நடந்துகொள்ளும் சுதந்திரம். 2014 தீர்ப்பு எடுத்தாண்டதும் இவற்றைத்தான்.

இந்த ஐந்தையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, 'உங்கள் வீட்டுக் காளை, உங்கள் தட்டில் இருக்கும் முட்டையை இட்ட கோழி, உங்கள் தெரு நாய், இவற்றில் எதற்கு எத்தனை இருக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். ஆண்டு முழுதும் பருத்திக்கொட்டையும் பேரீச்சையும் தின்று, ஓடை மணலில் கொம்பு குத்தித் திரியும் காளை நான்கு கேள்விகளில் தேறி, அச்சம் என்ற கேள்வியில் தட்டுத் தடுமாறும். கூண்டுக் கோழி தீனியிலும் தண்ணீரிலும் தேறி, ஐந்தாவது கேள்வியில் அடியோடு தோற்கும். அந்தப் பட்டியலைப் போட்டு முடித்த பிள்ளை, வீரத்தமிழன் என்ற கூச்சலையும் நம்பாது, வாடிவாசலைப் பூட்டினால் உயிரினமெல்லாம் உய்ந்துவிடும் என்ற பாவனையையும் நம்பாது. இரு கட்சிக்கும் நட்டம். ஆகவேதான் இருவரும் இதைச் செய்வதில்லை என்று நாம் சந்தேகப்படுகிறோம்.

'இந்த வயதில் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு, பிஞ்சு மனம்' என்கிறார்கள் சில தலைமையாசிரியர்கள். எந்தப் பிஞ்சு மனம்? தான் தழை ஒடித்துப் போட்டு வளர்த்த கிடாயைக் கருப்பர் கோயிலில் வெட்டுவதை எட்டு வயதில் நின்று பார்த்த பிள்ளை அது. அன்றிரவு பந்தியில் உட்கார்ந்து உண்டும் இருக்கும், அல்லது உண்ணாமல் அழுது அடியும் வாங்கியிருக்கும். 1950ஆம் ஆண்டுப் பலித் தடைச் சட்டத்துக்கு 2003 ஆகஸ்டில் திடீரென்று உயிர் கொடுத்தார்கள். எதிர்ப்பு வந்ததும் 2004இல் அச்சட்டத்தையே நீக்கினார்கள். ஓராண்டுக்குள் கிடாவெட்டு குற்றமாகவும் ஆகி, குற்றமில்லாததாகவும் ஆயிற்று. இரண்டு சமயத்திலும் பிள்ளைகளிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. திருக்குறளில் 26ஆம் அதிகாரம் புலால் மறுத்தல், 33ஆம் அதிகாரம் கொல்லாமை. இவற்றை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு நேரே கிடாவெட்டுப் பந்திக்குப் போகிற பிள்ளைக்கு, இந்த இரண்டு உலகமும் மோதுகிற ஓசை கேட்காமல் இருக்குமா? கேட்கிறது. அதைப் பற்றிப் பேச இடமில்லை என்பதால் காதைப் பொத்திக்கொள்ளப் பழகுகிறது. பிஞ்சு மனம் என்று ஒத்திப்போடுகிறவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் தருமபுரி மாவட்டம் தடங்கத்தில் ஜல்லிக்கட்டு வேடிக்கை பார்க்கப் போய் மாடு முட்டி இறந்த சிறுவனுக்கு வயது 14. நாம் நடுவராக இருந்த போட்டியில் பேசிய பிள்ளைகளின் வயது.

சித்தன்னவாசலுக்கு எல்லாப் பள்ளியும் சுற்றுலா அழைத்துப் போகிறது. 9ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியம். விதானத்தில் தாமரைக் குளம், அதில் மீன், அன்னம், எருமை, யானை, பூக்கொய்யும் துறவியர். 'அஜந்தாவுக்கு நிகரானது' என்று சொல்லிவிட்டு, வரிசையில் நில்லுங்கள் என்று விரட்டி, வெளியே கொண்டுவந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கிறோம். எருமையையும் யானையையும் துறவியையும் ஒரே குளத்தில் இறக்கி வரைந்தவர்கள் உயிர்களைப் பற்றி என்ன நினைத்தார்கள், ஈ எறும்புக்கும் தீங்கு வரக்கூடாது என்று கருதியவர்கள் இதே பாறையில் தங்கியிருந்த நாட்டில் கருப்பர் கோயிலும் எப்படி நிலைத்தது என்று கேட்கலாம். இதைவிட நல்ல வகுப்பறை எந்த நாட்டுக்காரனுக்கும் கிடைக்காது. நமக்கு அது பொட்டலம் பிரிக்கும் இடம்.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இப்படிக் கற்பிக்கத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே என்ன செய்தது என்பதை நாடே பார்த்தது. கல்குவாரியில் உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுதப் படித்தார்கள், சைக்கிள் ஓட்டினார்கள். கற்றுக்கொடுத்தவர்கள், கற்பவரின் வாழ்க்கையிலிருந்து சொல்லை எடுத்தார்கள். கூலி, கல், தண்ணீர் என்று அவர்கள் அறிந்ததிலிருந்து தொடங்கி எழுத்துக்குப் போனார்கள். அதே மாவட்டத்தில், மாட்டோடு பிறந்து மாட்டோடு வளர்ந்த பிள்ளைக்கு மாட்டைப் பற்றிப் பேசச் சீட்டுக் குலுக்கிக் கட்சி கொடுத்திருக்கிறோம். 'பயமா, ரோசமா?' என்று அந்தப் பெண் கேட்டாளே, அது ஒரு நல்ல ஆராய்ச்சிக் கேள்வி. கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்து அந்தக் கேள்வியை அவரிடம் போட்டிருக்கலாம். மாட்டின் மூச்சு, கண், காது, சாணம், அசைபோடுவது நின்று மறுபடி தொடங்கும் நேரம் என்று என்னென்ன பார்க்க வேண்டும் என அவர் சொல்லியிருப்பார். வகுப்பே ஒரு வாரம் தொழுவத்தில் நின்று குறித்துக்கொண்டு வந்திருக்கும். அம்மா சொன்னது சரியா, அப்பா சொன்னது சரியா என்று அதன்பிறகு பேசியிருக்கலாம். ஒருவேளை இருவர் சொன்னதிலும் கொஞ்சம் இருந்திருக்கும். ஆனால் அது பார்த்துவிட்டுச் சொன்னதாக இருந்திருக்கும்.

'ஆசிரியர் தன் கருத்தைத் திணிக்கலாமா?' என்ற கேள்வியை எதிர்பார்க்கிறோம். திணிக்கக்கூடாது. நமக்கென்று கருத்து இருக்கிறது, அதை ஒளிக்கவும் மாட்டோம்: விதிகளை எழுத்துப்படி நடத்தினால் ஜல்லிக்கட்டு இருந்துவிட்டுப் போகட்டும், நடத்த முடியாத ஊரில் வேண்டாம். சாதனைக்காக ஆயிரக்கணக்கில் மாட்டைக் குவிப்பது ஆபாசம். இது நம் முடிவு. பிள்ளை வேறு முடிவுக்கு வந்தால் வரட்டும். முடிவைக் கொடுக்காதிருப்பது ஒன்று, உண்மைகளைக் கொடுக்காதிருப்பது மற்றொன்று. நம் பள்ளிகள் இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதன் பெயரைச் சூட்டிக்கொள்கின்றன.

இவ்வாண்டுப் போட்டிக்கும் நடுவராக வரும்படி அழைப்பு வந்திருக்கிறது. தலைப்பு, 'தெருநாய்கள்: நண்பனா, பகைவனா?' 2025 ஆகஸ்டில் டெல்லி நாய்கள் குறித்து உச்ச நீதிமன்றம் 11ஆம் நாள் ஓர் உத்தரவும் 22ஆம் நாள் அதைத் திருத்தி மற்றோர் உத்தரவும் போட்டதிலிருந்து ஊரெங்கும் இதே பேச்சு. ஆறு பேர் நண்பன் என்பார்கள், ஆறு பேர் பகைவன் என்பார்கள். நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், கடித்ததை வீட்டில் மறைக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், நோய் முற்றி அறிகுறி தோன்றிய பின் பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்பதைச் சொல்ல எந்தக் கட்சியிலும் இடமிராது. குட்டி போட்ட நாயின் மீது கல்லெறிந்தால் அது ஏன் கடிக்கிறது என்று சொல்லவும் இடமிராது. பிள்ளையின் உயிரையும் நாயின் உயிரையும் காப்பது இந்த விஷயத்தில் ஒரே பாடம்தான்.

பொறுப்பாசிரியருக்கு இரண்டு கோரிக்கைகள் எழுதினோம். சீட்டுக் குலுக்க வேண்டாம், அவரவர் நினைப்பதைப் பேசட்டும் என்பது ஒன்று. மதிப்பெண் தாளில் 'நேரில் கண்டது' என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும் என்பது மற்றொன்று. நேற்று தொலைபேசியில் அழைத்தார். மிகுந்த மரியாதையோடுதான் பேசினார். "நல்ல யோசனைங்க ஐயா. ஆனா தாள் எல்லாம் அச்சடிச்சு வந்துருச்சு" என்றார்.